கைப்பேசிக்கு உற்ற நோயும் அதன் அகத்தே உள்ள மருந்தும்

இக்காலத்து மாணாக்கர் ஒருவரை நோக்கி, ‘உம்மிடமுள்ள பெருஞ்செல்வம் யாது?’ என வினவினால், அவர் வாய் திறவாவிடினும் அவர் கை சட்டைப்பையை நாடும். 2007-ஆம் ஆண்டில் ஐபோனும், 2008-ஆம் ஆண்டில் ஆண்ட்ராய்டுக் கைப்பேசியும் உலகிற் புகுந்தன. அதன்பின் பாடக்குறிப்பு, கட்டணம் செலுத்திய ரசீது, ஊரிலிருக்கும் தாயாரின் குரல், மறைந்த பாட்டனாரின் ஒரே படம் ஆகிய யாவும் அவ்வொரு கருவிக்குள்ளே அடங்கிவிட்டன. அக்கருவி ஒருநாட் காலையில் விழிக்க மறுத்து, தயாரித்தவரின் முத்திரையை மாத்திரம் மீண்டும் மீண்டும் காட்டி நிற்குமாயின் நாம் செய்வது யாது? நம்மிற் பலர் உடனே கடைத்தெருவுக்கு ஓடுகின்றனர். ‘யாவற்றையும் அழித்துவிட்டாற் சரியாய்விடும்’ என்று அங்கே ஒருவர் சொல்ல, நாமும் தலையசைத்து விடுகிறோம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதற்கும் இதற்கும் வேற்றுமை சிறிதே. கருவியினுள்ளேயே படிப்படியான பரிகாரங்கள் அமைந்திருக்கின்றன. அவற்றை அறிந்து, வரிசை தவறாது கையாளுதல் கற்றோர் கடன் என்பதே என் கருத்து.

முதற்கண் ஒன்று தெளிதல் வேண்டும். கைப்பேசிக்கு வரும் நோய் இருவகைத்து. பாட்டரி வீங்குதல், திரை உடைதல், உள்ளே நீர் புகுதல் முதலியன உடலைப் பற்றிய நோய்கள். அவற்றைத் தொழிலறிந்தாரிடமே ஒப்புவித்தல் வேண்டும். செயலி ஒன்று தானே மூடிக்கொள்ளுதல், கருவி தானே அணைந்து எழுதல், விரலிட்ட இடம் அசையாது நிற்றல் ஆகியன பெரும்பாலும் மென்பொருளைப் பற்றியவை. நான் ஈண்டுப் பேசுவது பின்னதைக் குறித்தே.

முதற்படி, கருவியை வலிந்து நிறுத்தி மீண்டும் எழுப்புதல். திரை அசையாதபோதும் பொத்தான்கள் வேலை செய்யும். ஐபோன் 8-உம் அதற்குப் பின் வந்தனவுமாயின், ஒலியைக் கூட்டும் பொத்தானை ஒருமுறையும் குறைக்கும் பொத்தானை ஒருமுறையும் விரைந்து அழுத்தி விட்டு, பக்கத்துப் பொத்தானை ஆப்பிள் முத்திரை தோன்றுமளவும் பிடித்திருத்தல் வேண்டும். இதனால் சேமித்துவைத்தது யாதும் அழியாது. எழுந்த கருவியில் இடம் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்றும் நோக்குக. சேமிப்பிடம் நிரம்பி வழிவதே பல துன்பங்கட்குக் காரணமாகின்றது.

இரண்டாவது படி, ஆண்ட்ராய்டில் உள்ள சேஃப் மோடு. அணைக்கும் பட்டியலைத் திரையில் வரவழைத்து, அணைக்கும் குறியின்மேல் விரலைச் சற்றுநேரம் அழுத்தியிருந்தால், பல கைப்பேசிகள் இந்நிலைக்குச் செல்லவாவென்று வினவும். இந்நிலையில் கருவியோடு பிறந்த செயலிகளே இயங்கும். நாம் பின்னர்ச் சேர்த்தவை யாவும் உறங்கும். அப்போது நோய் மறையுமாயின், குற்றவாளி நாம் அழைத்துவந்த விருந்தினருள் ஒருவரே என்பது வெளிப்படை. கடைசியாகச் சேர்த்த செயலி தொடங்கி ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தல் வேண்டும். நோய் மறையாதாயின், காரணம் வேறிடத்து உளது என்க. முகப்புத் திரையில் வைத்த சில அலங்காரங்கள் கலையக்கூடுமேயன்றி, நம் படங்கட்கோ எழுத்துகட்கோ இதனால் ஊறில்லை. இஃது ஒரு மருந்தன்று. நாடி பிடித்துப் பார்க்கும் முறையாம். ஆயினும் நாடி பாராது மருந்திடும் வைத்தியனை நாம் நம்புவதில்லையே!

மூன்றாவது படி ரெகவரி மோடு. முதன்மை இயக்க முறைமை எழாதபோதும் எழக்கூடிய சிறியதொரு முறைமை கருவிக்குள் தனியே வைக்கப்பட்டிருக்கின்றது. அணைத்த கருவியில், மின்பொத்தானையும் ஒலிப்பொத்தான்களுள் ஒன்றையும் சேர்த்துப் பிடித்தால் அது தோன்றும். அங்கே விரல் தொடுகை பெரும்பாலும் செல்லாது. ஒலிப்பொத்தான்களால் மேலும் கீழும் நகர்ந்து, மின்பொத்தானால் தெரிந்தெடுத்தல் வேண்டும். அப்பட்டியலில் தற்காலிகக் கோப்புகளாகிய கேஷை மட்டும் நீக்கும் வரியும், நம் உடைமை முழுவதையும் துடைக்கும் வரியும் அடுத்தடுத்து நிற்பதுண்டு. வரிக்கும் வரிக்கும் இடைவெளி ஒரு நூலளவு; விளைவிற்கோ மலைக்கும் மடுவிற்கும் உள்ள வேற்றுமை. பதற்றத்தில் விரல் தவறினால் ஒரு குடும்பத்தின் பத்தாண்டு நினைவும் போய்விடும். ஐபோனைக் கணிப்பொறியோடு இணைத்து இந்நிலைக்குக் கொணர்ந்தால், அப்டேட், ரீஸ்டோர் என்னும் இரண்டு சொற்கள் தோன்றும். முன்னது உடைமையைக் காத்து மென்பொருளை மட்டும் புதிதாக இட முயல்வது. பின்னது யாவற்றையும் அழிப்பது. ஆகலின் முன்னதையே முதலில் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

இவ்வரிசையின் பயனை விளக்க இரண்டு நிகழ்ச்சிகள் போதும். 2021-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகள் பலவற்றில் ஜிமெயில் முதலிய செயலிகள் திறந்தவுடனே மூடிக்கொண்டன. காரணம், வெப்வியூ என்னும் உட்கூறு ஒன்றிற்குக் கூகுள் நிறுவனம் அனுப்பிய பிழைபட்ட புதுப்பிப்பு. அப்புதுப்பிப்பை மட்டும் நீக்கினோர் சில நிமிஷங்களில் நலமுற்றனர். நிறுவனமும் விரைவில் திருத்திய பதிப்பை வெளியிட்டது. இதன்பொருட்டுக் கருவி முழுவதையும் துடைத்தவர் உளராயின், அவர் இழந்தது வீணே. 2020-ஆம் ஆண்டிலோ, அழகிய ஏரிக்காட்சி ஒன்றைத் திரைப்படமாக வைத்த கைப்பேசிகள் பல ஓயாது அணைந்து எழுந்தன. அப்படத்தின் நிறக் குறிப்பை ஆண்ட்ராய்டு 10 சரிவரக் கையாளாமையே காரணம். ஒவ்வொரு முறை எழும்போதும் அப்படத்தையே முதலில் வரைய முயன்றதால், கருவிக்கு மீட்சியில்லாது போயிற்று. சேஃப் மோடின் வாயிலாக அதனை நீக்க இயன்றவர் தப்பினர். இயலாதார் சிலர் யாவற்றையும் அழிக்க நேர்ந்தது. ஆகவே அழித்தல் என்பது ஒருபோதும் கூடாததன்று. கடைசியில் வரவேண்டியது என்பதே என் வாதம்.

அழித்தபின் மீட்கலாம் என்று ஒருவரும் எண்ணற்க. புதிய கைப்பேசிகளில் உடைமை யாவும் மறையெழுத்தாகவே எழுதப்படுகின்றன. துடைக்கும்போது அம்மறையின் திறவுகோலே அழிகின்றது. பின்னர் எந்த நிபுணராலும் அதனைப் படித்தல் அரிது. மற்றும், 2013-ஆம் ஆண்டு முதல் ஐபோனிலும் 2015-ஆம் ஆண்டு முதல் ஆண்ட்ராய்டிலும் அமைந்த பூட்டினால், அவ்வாறு துடைத்த கருவி பழைய உரிமையாளரின் கணக்கைக் கேட்கும். திருடனைத் தடுக்கவே இவ்வேற்பாடு. ஆயினும் கடவுச்சொல்லை மறந்த உரிமையாளரும் அக்கதவிற்கு வெளியே நிற்பர். ஆதலால் நோய் வருமுன்னரே உடைமைக்கு வேறோரிடத்தில் நகல் எடுத்துவைத்தலும், கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் பத்திரப்படுத்தலும் எல்லாப் பரிகாரங்கட்கும் முந்தியவை.

மானத்தைப் பற்றிய விஷயம் ஒன்றும் உண்டு. கருவியையும் அதன் கடவுச்சொல்லையும் அறியாதாரிடம் கொடுத்தல், வீட்டுச் சாவியோடு பெட்டிச் சாவியையும் கொடுப்பதாகும். இதனை உணர்ந்தே சாம்சங் நிறுவனம் 2022-ஆம் ஆண்டிலும், கூகுள் நிறுவனம் தன் பிக்சல் கைப்பேசிகட்கு 2023-ஆம் ஆண்டிலும், பழுது பார்ப்போர் கண்ணுக்கு நம் படங்களும் கடிதங்களும் தோன்றாதவாறு மறைக்கும் நிலையொன்றைத் தந்தன. இவ்வசதி தம் கையிலிருப்பதை அறியாமலே கருவியை ஒப்புவிப்போர் இன்றும் பலர். நம் கல்லூரி மகளிர் இதனைக் கட்டாயம் அறிந்திருத்தல் வேண்டும்.

‘இவையெல்லாம் தொழிலாளர் அறியவேண்டியவை, இலக்கியமும் சரித்திரமும் பயில்வார்க்கு எதற்கு?’ என்று சிலர் கேட்பர். காய்ச்சலுக்குக் கஷாயம் வைக்கத் தெரிந்த பாட்டியார் வைத்தியசாலையில் பயின்றவரல்லர். எப்போது வைத்தியரை அழைக்கவேண்டும் என்பதும் அவர்க்குத் தெரிந்திருந்தது. அவ்வளவு அறிவே இங்கு வேண்டப்படுவது. கடைக்காரர் மீதும் எனக்குப் பகையில்லை. கேட்கத் தெரிந்தவர் முன்னிலையில் அவரும் வரிசையாகவே வேலை செய்வார். குறை பெரிதும் தயாரிப்பாளரிடத்தது. நிறுவனத்திற்கு நிறுவனம் பொத்தான்களின் சேர்க்கை வேறுபடுகின்றது. மீட்புப் பட்டியலும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிற்கின்றது. தமிழ் மட்டும் அறிந்த ஒரு தாயார், துடைக்கும் வரி இன்னதென்று எங்ஙனம் அறிவார்? ஆபத்துக் காலத்து எச்சரிக்கை, ஆபத்துக்கு உள்ளானவரின் தாய்மொழியில் இருத்தலே நீதியாகும்.

அந்நாள் வரும்வரை அவ்வெச்சரிக்கையை மொழிபெயர்த்துச் சொல்லுதல் நம் பொறுப்பு. ஆண்டுதோறும் புதிதாய்ச் சேரும் மாணாக்கர்க்கு, நூல்நிலையத்தின் முறைகளை விளக்குவதுபோல, இப்படிகளை விளக்க ஒருமணி நேரம் ஒதுக்கினாற் போதும். விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும் தம் இல்லத்திலுள்ள கைப்பேசிகட்கு நகல் எடுத்துத் தந்து, அவற்றின் மீட்புப் பொத்தான்கள் இன்னவென ஒரு தாளில் எழுதி வைப்பாராக. கருவி கண்விழியாத நாளில் அத்தாளே வழிகாட்டும். அதனை எழுதிய கை கல்வியின் பயனை வீட்டிற்கும் தந்ததாகும்.