மதிப்பெண்ணும் மதிப்பும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

பெரிய முதலியார்சாவடியிலிருந்து பேருந்தேறி வரும் நான், எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். சென்ற ஆண்டு அம்மாவின் சீட்டுப் பணத்தில் ஒரு மடிக்கணினி வாங்கப் போனோம். கடைக்காரர் இரண்டு கணினிகளில் ஒரு வேகச் சோதனையை ஓட்டிக் காட்டி, "இதற்குத்தான் மதிப்பெண் அதிகம்" என்றார். விலையும் அதிகம். மதிப்பெண்ணை நம்பி அதையே வாங்கினோம். இன்று செய்முறை வகுப்புக் கணக்கை அரைமணி நேரம் ஓட்டினால் அது சூடேறித் திணறுகிறது.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. சோதனை நடந்தது இரண்டு நிமிடம். என் வேலையோ அரைமணி நேரம். சூடு மிகுந்தால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதை அன்று நான் அறியேன்.

'பெஞ்ச்மார்க்' எனப்படும் இச்சோதனைகள் வீண் என்று கூற நான் வரவில்லை. ஒரே வேலையை எல்லாக் கணிப்பொறிகளுக்கும் கொடுத்து நேரம் பார்ப்பது நேர்மையான முறையே. ஏட்டில் எழுதிய வேகத்தைவிட அது மேலானது. 2007 நவம்பரில் புனே நகரின் 'ஏகா' கணிப்பொறி உலகில் நான்காம் இடம் பெற்றது. அதன் ஏட்டு வேகம் சுமார் 171 டெராஃபிளாப்ஸ். சோதனையில் கண்டதோ 117.9. டெராஃபிளாப்ஸ் என்பது நொடிக்கு ஓர் இலட்சம் கோடிக் கணக்கு. அச்சோதனையின் பெயர் லின்பேக். நாம் வகுப்பில் காஸ் முறையில் தீர்க்கும் ஒருபடிச் சமன்பாடுகள்தாம் அதன் வினாத்தாள்!

ஆனால், உலகத்து வேலையெல்லாம் அந்த ஒரே வினாத்தாளில் அடங்குமா? லின்பேக்கை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜாக் டோங்காராவே, அது மட்டும் போதாதென்று, பிற்காலத்தில் 'எச்.பி.சி.ஜி.' என்ற வேறொரு சோதனையை உருவாக்குவதில் பங்குகொண்டார். நினைவகத்தில் சிதறிக் கிடக்கும் எண்களைத் தேடி எடுக்கும் வேலை அதில் மிகுதி. 2020-இல் ஜப்பானின் 'ஃபுகாகு' லின்பேக்கில் 442 பெட்டாஃபிளாப்ஸ் பெற்றது. மற்றதில் 16 மட்டுமே. இரண்டிலும் அப்போது உலகில் முதலிடம் அதற்கே! ஒரே பொறி, இரண்டு தேர்வு, இரண்டு மதிப்பெண்.

இதை மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் என் மாமா வேறுவிதமாக அறிவார். பாத்தி நீரில் டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழலை மிதக்கவிடுவார். 25 டிகிரி அளவில் உப்புப் பூக்கும். 30-ஐத் தொட்டால் மகிழ்வாரா? மாட்டார். அது மக்னீசிய உப்புகள் மிகுந்த கசப்பு நீர், வெளியேற்ற வேண்டியது. எண் பெரிதானால் சரக்கு நல்லதென்று உப்பளத்தில் யாரும் சொல்வதில்லை. படித்த நாம் மட்டும் சொல்லலாமா?

எனவே பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் ஆய்வுக்கூடத்திற்கு அடுத்தமுறை கணிப்பொறி வாங்கும்போது, நம் செய்முறைக் கணக்கு ஒன்றையே கொண்டுபோய் அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அதற்கு ஒரு கடிகாரம் போதும். தோழர்களே, நீங்களும் கடையில் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த வேலையைக் கொடுத்துச் சோதித்தார்கள்? எவ்வளவு நேரம்? சோதித்தவர் யார்?

அம்மா இன்றும் சீட்டுக் கட்டுகிறார். தம்பி அடுத்த ஆண்டு கல்லூரிக்கு வருகிறான். அவனுக்குக் கணினி வாங்கப் போகும்போது மதிப்பெண்ணைக் கேட்பேன். எந்தத் தேர்வில் என்றும் கேட்பேன்.