மின்சுற்றில் ஒரு சல்லடை

மாவு சலிக்கும் சல்லடை, துகளின் பருமனைக் கொண்டு பிரிக்கிறது. மின்னணுச் சுற்றில் அமையும் வடிப்பானோ அதிர்வெண்ணைக் கொண்டு பிரிக்கிறது. ஓர் அலை ஒரு வினாடியில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதே அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ்.

எளிய வடிப்பானுக்கு ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும் போதும். மின்தேக்கி, விரைந்து மாறும் மின்னலைகளை எளிதில் கடத்தும். மெதுவாக மாறுபவற்றைத் தடுக்கும். ஆகவே, மின்னலை வரும் வழியில் மின்தடையை வைத்து, அதன் மறுமுனைக்கும் தரை இணைப்புக்கும் இடையே மின்தேக்கியைப் பொருத்தினால், விரைவான அலைகள் தரைக்குச் சென்றுவிடும், மெதுவானவை வெளிவரும். இரண்டையும் இடம் மாற்றினால் பலன் தலைகீழாகும். 10 கிலோ ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் கொண்ட சுற்றின் எல்லை ஏறத்தாழ 159 ஹெர்ட்ஸ். அங்கே அலை சட்டென்று அறுபடுவதில்லை. அதன் உயரம் 71 விழுக்காடாகக் குறைந்து, அதற்கப்பால் படிப்படியாகத் தேய்கிறது.

இதன் பயனை ஈ.சி.ஜி. கருவியில் காணலாம். தோலின்மேல் கிடைக்கும் இதயத்தின் மின்னலை, வோல்ட்டில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். அறையின் மின்கம்பிகள் தரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும், தசை நடுக்கமும், மூச்சினால் கோடு மேலும் கீழும் அசைவதும் அதனோடு கலந்துவிடுகின்றன. இவற்றை நீக்கவே வடிப்பான்கள்.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. வடிப்பானுக்கு நோயும் தெரியாது, இரைச்சலும் தெரியாது; அதிர்வெண் ஒன்றே தெரியும். மூச்சின் அசைவை நீக்க 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றைச் சாதாரண வடிப்பானால் வெட்டினால், மாரடைப்பை அறிய மருத்துவர் நோக்கும் எஸ்.டி. பகுதி உருமாறக்கூடும். தசை நடுக்கத்தை அகற்ற 40 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவற்றை வெட்டினால், இதயத் துடிப்பின் கூர்முனைகள் உயரம் குன்றும். எனவேதான் நோயறிவதற்கான பதிவில் 0.05 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை வழக்கமாக விட்டுவைக்கப்படுகிறது. பல கருவிகள் இவ்வெண்களைத் தாளின் ஓரத்தில் அச்சிட்டே தருகின்றன. இன்றைய கருவிகள் வடிக்கும் வேலையைப் பெரும்பாலும் கணக்கீட்டாலேயே செய்கின்றன. எனினும் தத்துவம் மாறவில்லை.

கலந்தபின் வடிப்பதைவிடக் கலவாமல் காப்பது மேல். பதிவின்போது உடலைத் தளர்த்தி, பேசாமல், கைகால் அசைக்காமல் படுத்திருங்கள். குளிரால் நடுக்கம் இருந்தால் போர்வை கேட்டு வாங்குங்கள். வடிப்பானின் வேலை குறையக் குறைய, இதயம் வரைந்த கோடு சிதையாமல் மருத்துவரின் கண்ணுக்கு எட்டும்.