கையற்ற வேளையில் செபம்



இம்மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றுக்கு மட்டும் இப்பக்கம் முழுவதையும் ஒதுக்க வேண்டியதாயிற்று. எழுதியவர் ஒரு குடும்பத் தலைவி. பெயரில்லை, ஊரில்லை, கீழே 'ஒரு தாய்' என்று மட்டும் கையொப்பம் இருக்கிறது. பக்கவாதத்தால் வீழ்ந்த அவருடைய கணவர் படுக்கையைவிட்டு எழாமல் 14 மாதங்கள் ஆகின்றன. வேளாங்கண்ணிக்குப் போய் வந்தாயிற்று, நவநாட்கள் செய்தாயிற்று, பூசைக்குக் கொடுத்தாயிற்று. மாற்றம் எதுவும் இல்லை. இப்போது முழந்தாளிட்டால் தமக்கு ஒரு சொல்லும் எழுவதில்லை என்றும், சுவரைப் பார்த்தபடி சற்றுநேரம் இருந்துவிட்டு எழுந்து போய்விடுவதாகவும் எழுதுகிறார். நலம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர், விசுவாசம் குறைவாயிருப்பதால்தான் உங்கள் செபம் கேட்கப்படவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாராம். மனிதன் ஒன்றும் செய்ய இயலாமல் கிடக்கும் வேளையில் செபம் உண்மையிலேயே உதவுகின்றதா, அன்றி நாமே நம்மைத் தேற்றிக்கொள்ளும் ஓர் ஏற்பாடுதானா என்று நேரான விடை கேட்கிறார்.

அந்த உறவினருக்குப் பிறகு வருவோம். நேரான விடை வேண்டுமெனில், செபித்தும் தோற்றுப்போன ஒருவரிடம் கேட்பதே முறை. செபித்தார், புதுமை நடந்தது என்னும் வரலாறுகள் நம்மிடம் ஏராளம். அவற்றை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் புதுமை நடவாத வீட்டிலிருந்து எழுதுகிறவருக்கு அவை மருந்தாகா. சிலவேளை புண்ணையே கிளறும். ஆகவே வால்டர் சிசெக் என்னும் இயேசு சபைக் குருவின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ஷெனண்டோவா என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில், போலந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1904-இல் அவர் பிறந்தார். இளமையில் முரடர்; தெருச் சண்டைக்கு அஞ்சாதவர். குருவாகப் போகிறேன் என்று அவர் சொன்னபோது பெற்ற தந்தையே நம்பவில்லை. 1928-இல் இயேசு சபையில் சேர்ந்தார். ரஷ்ய நாட்டு ஊழியத்திற்குக் குருக்கள் தேவை என்று பாப்பரசர் 11-ஆம் பத்திநாதர் விடுத்த அழைப்பு அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. உரோமையில் பயின்று, 1937-இல் கீழைத் திருச்சபையின் முறைப்படி குருப்பட்டம் பெற்றார். ரஷ்யாவுக்குள் நுழைய வழியில்லாமையால் போலந்துக்கு அனுப்பப்பட்டார். போர் மூண்டபின், 1940-இல், வேறு பெயர் பூண்டு, கூலித் தொழிலாளரோடு தொழிலாளராய் இரயிலேறி யூரல் மலைப் பகுதியை அடைந்து மர வேலையில் அமர்ந்தார். 1941 ஜூன் மாதத்தில் இரகசியப் போலீசார் அவரைப் பிடித்துச் சென்றனர். வத்திக்கானின் ஒற்றன் என்பது குற்றச்சாட்டு. பின்னர் மாஸ்கோ நகரின் லுபியாங்கா சிறையில் அடைக்கப்பட்டார்.

அங்கே ஏறத்தாழ ஐந்தாண்டுகள். அவற்றுள் பெரும்பகுதி தனிமைச் சிறை. பேச்சுக்குரல் கேளாத அறை. அந்த அமைதியில் தம் அறிவு சிதறாதிருக்கவேண்டி, அவர் நவசந்நியாச மடத்தில் கற்ற கால ஒழுங்கை அப்படியே கைக்கொண்டார். காலையில் எழுந்ததும் நாளை ஒப்புக்கொடுத்தல், அப்பமும் இரசமும் இல்லாமற் போயினும் பூசைச் செபங்களை மனப்பாடமாகச் சொல்லுதல், கிரெம்ளின் மணிக்கூண்டின் ஓசை கேட்கும் நேரங்களில் மூவேளைச் செபம், ஆன்ம சோதனை, பிற்பகலில் மூன்று செபமாலை, போலந்து மொழியில் ஒன்று, இலத்தீனில் ஒன்று, ரஷ்ய மொழியில் ஒன்று. இப்படி ஒருவர் செபித்தால் அவருக்கு எதுவும் நேராது என்றுதானே நாம் எண்ணுவோம்?

நேர்ந்தது. ஏறக்குறைய ஓராண்டு விசாரணை. இரவென்றும் பகலென்றும் பாராமல் கேட்ட கேள்வியையே கேட்டனர். நீதிமன்றத்தின்முன் நிற்கும் வேளையில் பேசவேண்டிய சொல்லைப் பரிசுத்த ஆவியானவர் தருவார் என்னும் ஆண்டவரின் வாக்குறுதியை அவர் முழுமையாய் நம்பியிருந்தார். விசாரணையாளரின் வாயடைக்கும் சொற்களுக்காக மன்றாடினார். சொற்கள் வரவில்லை. இறுதியில், திரிக்கப்பட்ட வாக்குமூலம் கட்டுக் கட்டாக அவர்முன் வைக்கப்பட்டது. கையொப்பமிடாவிடில் பொழுது சாயுமுன் சுட்டுக் கொல்லப்படுவாய் என்றனர். அறைக்குள் நுழையும்போது மறுப்பதென்றே உறுதி பூண்டிருந்தவர், பேனாவை எடுத்தார். பக்கம் பக்கமாகக் கையொப்பமிட்டார். 1942 ஜூலையில் 15 ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

தம் அறைக்குத் திரும்பியபின் நாணத்தால் உடல் நடுங்கியதைத் தாம் 1973-இல் வெளியிட்ட நூலில் அவரே எழுதியிருக்கிறார். பிறர் எழுதியிருந்தால் மறைத்திருப்பார்கள். ஆண்டவர் ஏன் கைவிட்டார் என்று முதலில் அவரைத்தான் குற்றஞ்சாட்டினார். கேள்வி மெல்ல மெல்லத் தம்மீதே திரும்பிற்று. இத்தனை காலமும் செபித்தது எதற்காக? தம்முடைய உறுதி வெல்லவேண்டும், தம்முடைய திட்டம் நிறைவேறவேண்டும், அதற்கு இறைவன் துணைநிற்க வேண்டும் என்பதற்காகவே என்று கண்டார்.

இதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்கமாட்டேன். தீர்ப்புக்குப் பின்னும் அவரை லுபியாங்காவிலேயே வைத்து, தங்களோடு ஒத்துழைக்கும்படி அதிகாரிகள் ஆண்டுக்கணக்கில் வற்புறுத்தினர். மீண்டும் ஒருநாள், நம்பிக்கை என்பதே முற்றிலும் அற்றுப்போன இருள் அவரைச் சூழ்ந்தது. அந்நேரம் கடவுளின் நினைவே தம்மைவிட்டு மறைந்ததாகச் சொல்லுகிறார். அச்சம் மேலிட்டுச் செபத்தில் விழுந்தபோது பூங்காவனத்தில் ஆண்டவர் பட்ட வேதனை நினைவுக்கு வந்தது. துக்க தேவ இரகசியங்களில் முதலாவதாக நாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன அதே காட்சிதான். அங்கே கடவுளின் திருமகனே அஞ்சினார், பாத்திரம் அகலவேண்டுமென மும்முறை கேட்டார், அது அகலவில்லை. இராயப்பரும் யாகப்பரும் அருளப்பரும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். அஞ்சிய அவரே எழுந்து, தம்மைப் பிடிக்க வந்தவர்களை எதிர்கொண்டு நடந்தார். சிறையிலிருந்த குருவும் அன்று முதன்முறையாக வெற்றி கேட்பதை நிறுத்தினார். அடுத்து வருவது எதுவாயினும் அது தந்தையின் கையிலிருந்து வருவதென ஏற்றுக்கொள்ளுகிறேன் என்று தம்மையே ஒப்படைத்தார்.

சுவர் அதே சுவர். காவலன் அதே காவலன். ஆனால் அடுத்த முறை அதிகாரி தாளை நீட்டிக் கையொப்பம் கேட்டபோது அவர் மறுத்தார். சுடுவோம் என்ற அச்சுறுத்தலும் அவரை அசைக்கவில்லை. பேனாவை எடுத்த அதே மனிதர்தாம் இவர் என்பதை மறவாதீர்கள்.

1946-இல் அவர் வடதுருவ வட்டத்துக்குள் அமைந்த நோரில்ஸ்க் முகாமுக்கு அனுப்பப்பட்டார். உறைபனியில் நிலக்கரி வாரினார், சுரங்கத்தில் உழைத்தார். 1947-இல் இயேசு சபை அவரை இறந்தோர் பட்டியலில் சேர்த்துவிட்டது. இறந்தவரென்று எண்ணப்பட்ட அவரோ, முகாமில் மறைவான இடங்களில் பூசை நிறைவேற்றிக் கொண்டிருந்தார். நற்கருணை உட்கொள்ளும் ஆவலால், காலை உணவாகக் கிடைத்த சிறு பங்கையும் தொடாமல், வெறும் வயிற்றோடு நண்பகல்வரை உழைத்த கைதிகளைப்பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தவர், ஞாயிறு பூசைக்குப் பிந்தி வர நாணுவர். 1955-இல் முகாமிலிருந்து விடுதலை. ஆயினும் நாட்டைவிட்டுச் செல்ல இயலவில்லை. 1963 அக்டோபரில், இரண்டு சோவியத் ஒற்றர்களுக்கு ஈடாக வேறொரு அமெரிக்கரோடு அவர் விடுவிக்கப்பட்டபோது, நாட்டுக்குள் நுழைந்து 23 ஆண்டுகள் கடந்திருந்தன. 1984 டிசம்பர் 8-ஆம் நாள், அமலோற்பவத் திருநாளன்று, இறைவனடி சேர்ந்தார்.

ஆகவே, தாயே, நான் கண்ட விடை இது. செபம் அவரைச் சிறையிலிருந்து விடுவிக்கவில்லை. கேட்ட சொற்களைத் தரவில்லை. ஒருமுறை தவறி விழாமலும் காக்கவில்லை. விழுந்தபின் திரும்பிச் செல்ல ஓர் இடம் தந்தது. தம்மைப் பற்றிய உண்மையைத் தாங்கிக்கொள்ளும் வலிமை தந்தது. எல்லாம் பறிக்கப்பட்ட பின்னும் ஒப்புக்கொடுக்க அவரிடம் ஒன்று மிஞ்சியிருந்தது என்று காட்டிற்று. கைவிடுவது வேறு, கையளிப்பது வேறு. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் சங்கடம்.

இதை அளந்து பார்க்க முடியுமா என்று மருத்துவர்களும் முயன்றிருக்கிறார்கள். இருதய அறுவைச் சிகிச்சை பெற்ற 1,802 நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வின் முடிவு 2006-இல் வெளியாயிற்று. பிறர் தமக்காகச் செபிப்பதால் சிகிச்சைக்குப் பிந்திய சிக்கல்கள் குறையவில்லை. நமக்காகச் செபிக்கிறார்கள் என்று உறுதியாய் அறிந்திருந்தோரிடம் அவை சற்று மிகுதியாகவே காணப்பட்டன. இதைக் கேட்டுச் சிலர் விசுவாசம் தளர்ந்தனர், எனக்கு வியப்பில்லை. இத்தனை பேர் இத்தனை நாள் செபித்தால் இன்ன பலன் என்று கணக்கிடத் தந்தையின் அன்பு கடை மருந்தன்று.

எனக்கு முக்கியமாய்த் தோன்றுவது 2001-இல் வெளியான வேறோர் ஆய்வு. நோயுற்று மருத்துவமனையில் இருந்த ஏறத்தாழ 600 முதியோரை ஈராண்டுகள் கவனித்தனர். கடவுள் தம்மைக் கைவிட்டார், தண்டிக்கிறார், தம்மீது அவருக்கு அன்பில்லை என்று எண்ணி மனம் போராடியோரிடையே இறப்பு அதிகமாயிருந்தது. அது காரணமா, உடன்நிகழ்வா என்பதை அறிஞர்கள் விவாதிக்கட்டும். நோயாளியின் கட்டிலருகே சென்று, என்ன பாவமோ, என்ன விசுவாசக் குறைவோ என்று பேசுகிறவர்கள் எதை விதைத்துவிட்டு வருகிறார்கள் என்பதை மட்டும் எண்ணிப்பார்க்கட்டும். பிறவிக் குருடனைக் கண்டு, பாவம் செய்தவன் இவனா, இவன் பெற்றோரா என்று சீடர் கேட்டபோது, இருவரும் அல்லர் என்று ஆண்டவர் மறுத்தார். அந்த உறவினர் நல்ல எண்ணத்தோடுதான் பேசியிருப்பார். ஆயினும் பேசியது தவறு.

மாற்கு நற்செய்தியில் வரும் திமிர்வாதக்காரனைப் பாருங்கள். நால்வர் அவனைச் சுமந்து வந்து, கூட்டத்தால் வழி கிடையாமல், கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்கினார்கள். சுமந்து வந்தோரின் விசுவாசத்தைக் கண்டே ஆண்டவர் பேசலானார் என்று நற்செய்தி கூறுகிறது. நோயாளி வாய்திறந்து செபித்ததாக ஒரு சொல்லும் அங்கில்லை. படுத்திருப்பவரின் விசுவாசத்தை அளக்க வந்த உறவினர், அந்த நால்வரில் ஒருவராய் வந்திருக்கலாம்.

உங்கள் மௌனத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். சொல் எழாதது பாவமன்று. சங்கீதங்களுள் 87-ஆவது, புதிய எண்ணிக்கையில் 88, தொடக்கமுதல் முடிவுவரை முறையீடு. மற்றப் புலம்பல்களைப்போல் இறுதியில் நம்பிக்கைக்குத் திரும்பாமல், இருளைச் சொல்லியே அது முடிகிறது. திருச்சபை அதை ஒதுக்கிவிடவில்லை. குருக்களும் துறவியரும் வெள்ளிக்கிழமைதோறும் உறங்குமுன் சொல்லும் இரவுச் செபத்தில் அதை வைத்திருக்கிறது. ஆகவே நீங்கள் சுவரைப் பார்த்து நிற்கும் இரவில், உங்களுக்கு வராத சொற்களை வேறு யாரோ ஒரு கன்னியர் மடத்தில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சுவரின்முன் சிலுவை அடையாளம் மட்டும் வரைந்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு அது போதும்.

இன்னும் இரண்டு செய்திகள். கணவருக்கு நோயிற்பூசுதல் கொடுக்கப்பட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. அவஸ்தைப்பூசுதல் என்னும் பழைய பெயரால் அச்சமுற்று, அதைக் கேட்டாலே சாவு வாசலில் நிற்கிறதென்று பலர் இன்றும் தள்ளிப்போடுகிறார்கள். பாப்பரசர் 6-ஆம் சின்னப்பர் 1972-இல் இத்திருவருட்சாதனத்தின் சடங்கைத் திருத்தியபோது, அது சாகுந்தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என்பது தெளிவாக்கப்பட்டது. நோயால் நலிந்தவர் தாராளமாய்ப் பெறலாம். மற்றொன்று, மருத்துவர் சொன்ன இயன்முறைப் பயிற்சியை, பயன் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். படுக்கைப்புண் வராதபடி இரண்டு மணிக்கொருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைப்பதும் முழந்தாளில் நிற்பதைவிடக் குறைந்த செபமன்று. ஆனால் இரவு முழுதும் அதை ஒருவரே செய்யலாகாது. அண்டை வீட்டாரோ, அன்பியத்தாரோ முறைவைத்து வந்து ஓரிரு மணி நேரம் அமரட்டும். அந்நேரத்தில் நீங்கள் உறங்குங்கள். பூசைக்குப் போகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் போங்கள். வராவிட்டால் உறக்கமே நலம்.

கடிதத்தில் முகவரி இல்லாமையால் இங்கேயே கேட்கிறேன். எனக்கு மட்டும் தெரியும்படி ஊரையும் பங்கையும் குறித்து ஓர் அஞ்சலட்டை எழுதிப்போடுங்கள். உங்கள் பங்குச் சுவாமியாருக்கு நானே எழுதுகிறேன். கணவரின் ஞானஸ்நானப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், பூசையில் சொல்லவேண்டும்.