கோவாவின் விலைவாசியும் கோவாவின் கூலியும்

இந்திய மாநிலங்களின் தலா வருமானப் பட்டியலில் சிக்கிமும் கோவாவும் தொடர்ந்து முன்னணியில் நிற்கின்றன. இதை மேற்கோள் காட்டி, கோவாவில் வாழ்க்கைச் செலவு அதிகமாக இருப்பது இயல்புதான் என்றும், வருமானம் உயர்ந்த இடத்தில் விலையும் உயரும் என்றும் வாதிடுவோர் நம் கல்விப்புலத்திலேயே பலர் உள்ளனர். சில ஆண்டுகளாக இங்கே ஆய்வுப் பணியில் இருப்பவன் என்ற முறையில் இந்த வாதத்தை மறுக்க விரும்புகிறேன். கோவாவில் விலையை நிர்ணயிக்கும் வருமானம் வேறு, கோவாவில் உழைப்பவருக்குக் கிடைக்கும் வருமானம் வேறு. இவ்விரண்டையும் ஒரே சராசரிக்குள் அடக்கிவிடுவதால்தான் சிக்கல் நம் கண்ணுக்குப் படாமல் போகிறது.

முதலில் ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். 2023-24ஆம் ஆண்டின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி நாட்டின் வேலையின்மை விகிதம் 3.2 விழுக்காடு. கோவாவில் அது 8.5 விழுக்காடு, மாநிலங்களுள் இதுவே மிக அதிகம். தலா வருமானத்தில் உச்சியில் இருக்கும் மாநிலமே வேலையின்மையிலும் உச்சியில் இருக்கிறது. இதற்கு "கோவாக்காரர்கள் சோம்பேறிகள்" என்ற மலிவான விளக்கம் ஒன்று உலவுகிறது. அதை ஒதுக்கிவிட்டுப் பொருளியல் விளக்கத்தைத் தேடுவோம்.

தலா வருமானம் என்பது மாநிலத்தின் மொத்த உற்பத்தி மதிப்பிலிருந்து பெறப்படும் கணக்கு. 2011 கணக்கெடுப்பின்படி கோவாவின் மக்கள்தொகை 14.58 லட்சம் மட்டுமே. மருந்துத் தொழிற்சாலைகள், விடுதிகள், துறைமுகம், மனைவணிகம் ஆகியவற்றின் உற்பத்தி மதிப்பை இச்சிறு தொகையால் வகுத்தால் பெரிய எண் கிடைக்கத்தான் செய்யும். அம்மதிப்பில் இலாபமாக வெளியேறுவது எவ்வளவு, கூலியாக இங்கேயே தங்குவது எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லாது. உட்பகுதி வட்டங்களுக்குக் கூலி தந்துவந்த இரும்புத்தாதுச் சுரங்கங்களும் 2012இல் நின்றன. பின்னர்க் கட்டுப்பாடுகளுடன் திறக்கப்பட்டவை, 88 குத்தகைகளின் புதுப்பிப்பை உச்ச நீதிமன்றம் 2018இல் இரத்து செய்தபோது மீண்டும் மூடப்பட்டன. சூழலியல் நோக்கில் அத்தீர்ப்புகள் தேவையானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் லாரி ஓட்டியவர்களும் படகில் தாது ஏற்றியவர்களும் அதன்பின் கடற்கரையின் சுற்றுலாத் தொழிலையே நாட வேண்டியதாயிற்று.

சுற்றுலாவின் விலை எங்கே முடிவாகிறது? 2024இல் கோவாவுக்கு வந்த பயணிகள் ஒரு கோடியைத் தாண்டினர். குடியிருப்பவரைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கினர் ஓராண்டில் வந்து போகின்றனர். அவர்கள் மும்பையிலும் பெங்களூருவிலும் தில்லியிலும் ஈட்டிய பணத்தை இங்கே செலவிடுகின்றனர். எனவே மீனுக்கும் வாடகை வண்டிக்கும் வீட்டுக்கும் அந்நகரங்களின் வாங்கும் திறனே விலை வைக்கிறது. கோவாவின் அன்றாட உணவு சோறும் மீன்குழம்பும். சூன், சூலை மாதங்களில் மீன்பிடித் தடைக்காலம் வரும்போது வெளிமாநில மீன்தான் சந்தையை நிரப்புகிறது. தடை நீங்கிய பின்னும் நல்ல வஞ்சிரமும் இறாலும் முதலில் உணவகங்களுக்குச் செல்கின்றன. எஞ்சியதுதான் உள்ளூர்ச் சமையலறைக்கு.

கூலி எங்கே முடிவாகிறது? அதுவும் கோவாவுக்கு வெளியேதான். வட கர்நாடகம், ஒடிசா, சார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், நேபாளம் ஆகிய இடங்களில் வேலையும் விளைச்சலும் பொய்த்த குடும்பங்களிலிருந்து வரும் இளைஞர்கள் எந்தக் கூலிக்கு இசைவார்களோ, அதுவே கடற்கரைக் குடில்களிலும் கட்டுமானத் தளங்களிலும் நடைமுறைக் கூலி. மழைக்காலத்துக்கு முன் குடில்கள் பிரிக்கப்படும்போது அந்த வேலையும் நின்றுவிடுகிறது. ஆக, விலையைப் பணக்கார வெளியூரும் கூலியை ஏழை வெளியூரும் நிர்ணயிக்கின்றன. இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் கோவாவின் அன்றாட வாழ்க்கை நடக்கிறது.

மேற்சொன்ன வேலையின்மையை இந்த இடைவெளியைக் கொண்டு விளக்க முடியும் என்பது என் கருத்து. பட்டம் பெற்ற உள்ளூர் இளைஞர் ஒருவருக்கு விடுதி வரவேற்பறையிலோ கடையிலோ வேலை கிடைக்காமல் இல்லை. கிடைக்கும் சம்பளத்தில் தனி வீடு எடுத்துக் குடும்பம் நடத்த முடியாது என்பதே சிக்கல். பெற்றோர் வீடு இருக்கும்வரை காத்திருக்கலாம். அவர் காத்திருப்பது பெரும்பாலும் அரசு வேலைக்காக. இவ்வூர் விலைக்கு ஈடுகொடுக்கும் சம்பளம் அங்கேதான் இருக்கிறது. 2024இன் இறுதியில் அரசு வேலை வாங்கித் தருவதாகக் கூறிப் பணம் பறித்ததாக அடுத்தடுத்து வழக்குகள் பதிவானதை இப்பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். காத்திருக்க விரும்பாதவர் கப்பலேறுகிறார்; அல்லது 1961 திசம்பர் 19க்கு முன் பிறந்த பாட்டன் வழியில் போர்த்துகீசியக் குடியுரிமை பெற்று வெளிநாடு போகிறார்.

செலவுகளுள் மற்ற எல்லாவற்றையும் விழுங்குவது வாடகை. விந்தை என்னவென்றால், இங்கே வீடுகளுக்குப் பஞ்சமில்லை. 2011 கணக்கெடுப்பில் கோவாவின் வீடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று பூட்டிக் கிடந்தது. முதலீட்டுக்காக வாங்கி விடுமுறைக்கு மட்டும் திறக்கப்படும் அடுக்ககங்கள் அவற்றில் ஒரு பகுதி. மற்றொரு பகுதி பழைய குடும்ப வீடுகள். போர்த்துகீசிய உரிமையியல் சட்ட மரபின்படி வாரிசுகள் அனைவருக்கும் பங்குண்டு. ஒருவர் இலண்டனிலும் மற்றொருவர் மும்பையிலும் இருக்க, பாகப்பிரிவினை முடியாமல் வீடு பாழடைகிறது. 1968ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், பிறர் நிலத்தில் குடியிருந்தோரை வெளியேற்றத்திலிருந்து காத்த 1975ஆம் ஆண்டின் முண்ட்கார் சட்டமும் அக்காலத்தில் நியாயமானவை. ஆனால் நீண்டகாலம் குடிவைத்தால் வீடு கைவிட்டுப் போகும் என்ற அச்சம் உரிமையாளர்களிடம் வேரூன்றிவிட்டது. இரண்டு நாள் தங்கும் பயணி இந்த அச்சத்தைத் தருவதில்லை. மாத வாடகையைவிட அதிகமாகவும் தருகிறார். ஆகவே பல கடலோர ஊர்களில் ஆசிரியரும் செவிலியரும் ஆய்வாளரும் மழைக்காலத்தில் மட்டும் வரவேற்கப்படும் குடித்தனக்காரர்கள். அக்டோபர் வந்தால் அவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டும்.

கடலோரத்தில் வீடு கிடைக்காதவர் உள்ளே தள்ளிக் குடியேறுகிறார். உடனே அடுத்த செலவு வருகிறது. மாலை கடந்தால் பல தடங்களில் பேருந்து அரிது. ஆதலால் இருசக்கர வண்டி இங்கே வசதிப் பொருளன்று. வேலைக்குப் போக வேண்டிய எவருக்கும் அது கட்டாயச் செலவு. வாடகையில் மிச்சப்படுத்தியது பெட்ரோலிலும் மாதத் தவணையிலும் போய்விடுகிறது.

இனி, கல்விப்புலத்தினர் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். வாழ்க்கைச் செலவை அளக்க அரசு பயன்படுத்தும் மூன்று கருவிகளை எடுத்துக்கொள்வோம்.

ஒன்று, நுகர்வோர் விலைக் குறியீடு. 2012ஐ அடிப்படையாகக் கொண்ட தொடரில் நகர்ப்புறக் குறியீட்டில் வீட்டுவசதிக்கு 21.67 விழுக்காடு எடை இருந்தது. கிராமப்புறத்துக்கு அந்த உறுப்பே இருக்கவில்லை. கிராமத்தில் வாடகைக்கு இருப்போர் மிகக் குறைவு என்பது அதன் அடிப்படையாக இருந்தது. பார்தேஸ் வட்டத்தின் ஊராட்சிகளில் என்ன நடக்கிறது என்பதை அறிந்த எவரும் அந்த அனுமானத்தைக் கோவாவுக்குப் பொருத்த மாட்டார்கள்.

இரண்டு, குறைந்தபட்சக் கூலி. 1957ஆம் ஆண்டின் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, உணவு, உடை, எரிபொருள் ஆகியவற்றோடு வீட்டு வாடகையையும் கூலிக் கணக்கில் சேர்த்தது. பெரிய முன்னேற்றம் அது. ஆனால் 2020ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு வரைவு விதிகள் உணவுக்கும் உடைக்கும் ஆகும் செலவில் பத்து விழுக்காட்டையே வாடகையாகக் கொள்கின்றன. வாடகை உணவுச் செலவையே மிஞ்சும் ஊரில் இந்தக் கணக்கு என்ன செய்யும்?

மூன்று, அரசு ஊழியரின் வீட்டு வாடகைப் படி. இது மக்கள்தொகையை வைத்து நகரங்களை மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறது. ஐந்து லட்சத்துக்குக் குறைந்தவை கடைசி வகுப்பு. கோவாவின் எந்த நகரமும் ஐந்து லட்சத்தை நெருங்கவில்லை. விதிப்படி மாநிலம் முழுவதும் கடைசி வகுப்பில்தான் இருக்க வேண்டும். ஆனால் நடுவண் அரசு தன் ஊழியர்களுக்காகக் கோவா, ஷில்லாங், போர்ட் பிளேர் ஆகியவற்றைச் சிறப்பு ஆணை மூலம் நடு வகுப்பின் விகிதத்துக்கு உயர்த்தி வைத்திருக்கிறது.

என் வாதம் முழுவதும் இந்தச் சிறப்பு ஆணையில் அடங்கியிருக்கிறது. மக்கள்தொகை சிறிதென்பதால் வாடகையும் சிறிதாக இராது என்பதை அரசு அறியும். தன் ஊழியருக்கு அந்த அறிவைப் பயன்படுத்துகிறது. உணவகப் பணியாளருக்கும் தனியார் பள்ளி ஆசிரியைக்கும் மருந்தாலை ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதே அறிவு எட்டவில்லை.

விலைவாசிக்கு மாநில அரசு எதுவுமே செய்யவில்லை என்பதும் சரியன்று. 2012இல் பெட்ரோல் மீதான மதிப்புக்கூட்டு வரி ஏறத்தாழ முழுமையாக நீக்கப்பட்டது. பின்னர் அது படிப்படியாகத் திரும்பி வந்தது. அதே ஆண்டில் இல்லத்தரசிகளுக்கான கிருக ஆதார் உதவித்தொகை தொடங்கியது. மாதம் 1,500 ரூபாய் ஒரு குடும்பத்துக்குச் சிறிதன்று. ஆனால் அதைப் பெறப் பதினைந்து ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும். வாடகையால் ஊர் ஊராக மாறும் குடும்பத்துக்கு அந்தச் சான்று எளிதில் கிடைப்பதில்லை. மேலும், விலையேற்றத்தின் ஊற்றைத் தொடாமல் வழங்கும் உதவித்தொகை கடைசியில் வீட்டுக்காரரின் கைக்கே போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.

இந்த இறுக்கத்தில் எழும் கோபம் பெரும்பாலும் தவறான திசையில் பாய்வதைக் காண்கிறேன். மலைத்தொடருக்கு அப்பாலிருந்து வந்தவர் என்ற பொருளில் ஓர் இழிசொல் இங்கே புழங்குகிறது. அது குறிவைப்பது பெரும்பாலும் செங்கல் சுமப்பவரையும் மீன்கூடை தூக்குபவரையும்தான். கோவாவின் அடையாளமாகக் கொண்டாடப்படும் பாவ் ரொட்டியைச் சுடும் அடுப்புகளில் பலவற்றை, பழைய பொதேர் குடும்பங்கள் கைவிட்டபின் எரியவைப்பவர்களும் வெளிமாநிலத் தொழிலாளர்களே. ஒரே அறையில் ஆறேழு பேராகத் தங்கும் அவர்கள் வாடகையை ஏற்றியவர்கள் அல்லர். அந்த வாடகைக்கு முதலில் பலியானவர்கள். நில வகைமாற்றத்தை எளிதாக்கிய 2023, 2024ஆம் ஆண்டுகளின் நகர், ஊரமைப்புச் சட்டத் திருத்தங்களை எதிர்த்து ஊர் மக்கள் நடத்தும் போராட்டங்களே சரியான இலக்கை நோக்கியவை.

நம் நிலைமையும் இதிலிருந்து வேறன்று. தேசியத் தகுதித் தேர்வில் வென்ற இளநிலை ஆய்வாளருக்கு 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அத்தேர்வு உதவித்தொகை இல்லாமல் நடுவண் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டம் செய்வோருக்குப் பத்தாண்டுக்கும் மேலாக 8,000 ரூபாய். மாநிலப் பல்கலைக்கழகங்களில் அதுவும் இல்லாதோர் உண்டு. விடுதியில் இடம் கிடைக்காத ஆய்வாளர் களப்பணிக்குரிய பணத்தை வாடகையாகக் கட்டுகிறார். இதன் விளைவு வறுமை மட்டுமன்று. இவ்வூரில் சொந்த வீடோ வசதியான பெற்றோரோ உள்ளவர் மட்டுமே இவ்வூரை ஆராய முடியும் என்ற நிலை உருவாகிறது. அது அறிவுக்கே நேரும் இழப்பு.

செய்யக்கூடியவை சில உண்டு. மாவட்டவாரியாக, ஊராட்சிகளையும் உட்படுத்திய வாடகைக் கணக்கெடுப்பு வேண்டும். பொருளியல், புவியியல் துறை மாணவர்களே இதைத் தொடங்கலாம். குறைந்தபட்சக் கூலியின் வீட்டுக்கூறு, உணவின் பத்தில் ஒன்றாக அல்லாமல் அந்தந்த இடத்தின் உண்மை வாடகையோடு இணைக்கப்பட வேண்டும். பூட்டிய இரண்டாம் வீடுகளுக்கும் குறுகியகால வாடகைக்கு விடப்படும் வீடுகளுக்கும் கூடுதல் வரி விதித்து, அத்தொகையில் பணியாளர் விடுதிகள் கட்டலாம். ஆண்டு முழுவதும் குடிவைக்கும் உரிமையாளருக்கு வரிச்சலுகையும், ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வீடு திரும்பக் கிடைக்கும் என்ற சட்ட உறுதியும் தர வேண்டும். பல்கலைக்கழகங்கள் சேர்க்கை இடங்களை அறிவிக்கும்போதே விடுதி இடங்களையும் அறிவிக்க வேண்டும்.

ஓர் ஊர் செல்வமுடையதா என்பதை, அங்கே வந்து செலவழிப்பவரைக் கொண்டு முடிவுசெய்ய முடியாது. அங்கே உழைப்பவர் அந்த உழைப்பின் பயனைக் கொண்டு அங்கேயே குடியிருக்க முடிகிறதா என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு இன்றைய கோவாவிடம் நேர்மையான பதில் "இல்லை" என்பதே. கடலோரப் பொருளாதாரம், உழைப்புச் சந்தை, நகராக்கம் குறித்து ஆராயும் நண்பர்களின் மாற்றுக் கருத்துகளையும் திருத்தங்களையும் எதிர்பார்க்கிறேன்.