தளர்ந்த பெல்ட்டும் தவறான தவக்குலும்

 

பெருநாள் தொழுகை முடிந்து உறவினர் இல்லங்களுக்குக் காரில் புறப்படும் நம் குடும்பங்களைப் பாருங்கள். முன்கண்ணாடியில் ஆயத்துல் குர்ஸி ஒட்டப்பட்டிருக்கும். வண்டி நகரும்போது பயண துஆ ஓதப்படும். முன்னிருக்கையில் உம்மாவின் மடியில் கைக்குழந்தை அமர்ந்திருக்கும். "குழந்தைக்குரிய இருக்கை இல்லையா?" என்று கேட்டால், "அல்லாஹ் பாதுகாப்பான், ஹஸ்ரத்" என்ற பதில் உடனே வந்துவிடும். பாதுகாப்பவன் அல்லாஹ்வே என்பதில் ஐயமில்லை. அந்தச் சொல்லை நம் சோம்பலுக்குத் திரையாக்குவதைத்தான் நாம் மறுக்கிறோம்.

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவனை நம்பலாமா என்று வினவியவரிடம், முதலில் அதைக் கட்டிவிட்டுப் பிறகு நம்பிக்கை வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை மேடைதோறும் சொல்கிறோம். உஹதுக் களத்துக்கு அவர்கள் இரண்டு கவசங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து சென்றார்கள். அவர்களைவிட அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்தவர் யார்?

மடியில் வைப்போரை மட்டும் குறை கூறிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள இயலாது. இருக்கையை வாங்கியதோடு கடமை தீர்ந்ததென எண்ணுவோரும் நம்மிடையே உண்டு. நாமும் அவர்களுள் ஒருவராகவே இருந்தோம். மதுரையிலிருந்து இராமநாதபுரம் செல்கையில், பரமக்குடி அருகே ஓர் ஆடு குறுக்கே ஓடியது. பிரேக்கை அழுத்திய கணத்தில் குழந்தை இருக்கை சரிந்து, நம் மகனின் தலை கதவில் மோதியது. நெற்றி வீங்கியதோடு போயிற்று, அல்ஹம்துலில்லாஹ். பிறகு பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. பக்கிளின் தண்டு நீளமானது. அதனால் பக்கிள் குழந்தை இருக்கையின் விளிம்பில் மடங்கிக் கிடந்தது. பெல்ட்டை எவ்வளவு இழுத்தாலும் இறுகவில்லை. "பெல்ட் மாட்டியாயிற்று" என்ற நிம்மதியில் பல மாதங்கள் ஓட்டியிருந்தோம்.

மடியே பாதுகாப்பு என்போர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். மணிக்கு 50 கி.மீ. என்பது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். அந்த வேகத்தில் செல்லும் வண்டி மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கில் நின்றால், 10 கிலோ குழந்தை ஏறத்தாழ 140 கிலோ சுமையாகக் கைகளை இழுக்கும். எந்தத் தாயின் கரம் அதைத் தாங்கும்? 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவும், 14 வயது நிறையாத பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. அபராதத்துக்கு அஞ்சும் நாம், அமானிதம் பற்றிய மறுமைக் கேள்விக்கு அஞ்ச வேண்டாமா?

"எங்கள் காரில் பெல்ட் வசதியாக அமையவில்லையே" என்பது அடுத்த வாதம். உண்மைதான். பல கார்களில் பக்கிள் இருக்கைக்குள் புதைந்திருக்கும். சிலவற்றில் நடு இருக்கைக்கு இடுப்புப் பெல்ட் மட்டுமே இருக்கும். பின்னோக்கிய குழந்தை இருக்கையைச் சுற்றி வரச் சில பெல்ட்டுகளின் நீளம் போதாது. ஆனால் பாதிச் சிக்கல் நாமே உண்டாக்கியது. அழகுக்காகப் போட்ட சீட் கவரின் அடியில் பக்கிளை மறைத்துவிடுகிறோம். எச்சரிக்கை ஒலியை அடக்கப் போலிக் கிளிப்பைச் செருகுகிறோம். கவருக்கும் அலங்காரத்துக்கும் தாராளமாகச் செலவிடும் கை, குழந்தை இருக்கை என்றதும் ஏன் சுருங்குகிறது?

பெல்ட் அமையவில்லையெனில் கைவிடுவது தீர்வன்று. இடத்தை மாற்றுவதே தீர்வு. ஓட்டுநருக்குப் பின்னால் இறுகாத இருக்கை, மறுபுறம் இறுகக்கூடும். வாங்குமுன் நம் காரிலேயே பொருத்திப் பாருங்கள். இருக்கையோடு வரும் கையேட்டில், பெல்ட் செல்ல வேண்டிய வழியையும் அந்த இருக்கைக்கு எவ்வகைப் பெல்ட் தேவை என்பதையும் படியுங்கள். முழங்காலால் இருக்கையை அழுத்திக்கொண்டு பெல்ட்டை இழுங்கள். பெல்ட் செல்லும் இடத்தில் பிடித்து அசைத்தால் 2.5 செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது. பக்கிள் விளிம்பில் மடங்கினால் அவ்விடம் ஆகாது. வளர்ந்த பிள்ளையின் பூஸ்டரை இடுப்புப் பெல்ட்டுடன் மட்டும் பயன்படுத்தாதீர்கள். பக்கவாட்டை நோக்கி அமைந்த பின்னிருக்கைகளில் குழந்தை இருக்கையைப் பொருத்தவே வேண்டாம். ஏர்பேக் இயங்கும் முன்னிருக்கையில் பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் வைக்காதீர்கள். பெல்ட்டை நீட்ட ஒட்டுத் துண்டு வாங்காதீர்கள்.

இவற்றுக்கெல்லாம் பத்து நிமிடங்கள் போதும். அதன் பிறகு ஓதும் பயண துஆவே தவக்குலின் துஆ. கட்டாமல் ஓதுவது, விதைக்காமல் அறுவடைக்குக் காத்திருப்பதை ஒக்கும். ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி விசாரிக்கப்படுவர் என்பது நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பாடம். இன்று வண்டியை எடுக்குமுன், முதலில் பின்கதவைத் திறந்து அந்த இருக்கையை ஒருமுறை அசைத்துப் பாருங்கள்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளைக் காப்பானாக! காரணங்களைக் கைக்கொள்ளும் நல்லறிவை நமக்குத் தருவானாக! ஆமீன்.