கொறங்காடு தரிசு அல்ல!



"ஒண்ணும் விளையாத காடுதானுங்களே, வித்துப்போட்டு காசைப் பாருங்க" என்று புரோக்கர்கள் நம் வாசலுக்கு வருகிறார்கள். காங்கயம், தாராபுரம் பக்கம் கொறங்காடுகள் சைட்டாகின்றன. ஒண்ணும் விளையாத காடு என்றால், தலைமுறை தலைமுறையாகக் காங்கயம் மாட்டை வளர்த்தது எது?

நம் பெரியவர்கள் ஒத்தைப் புல்லை நம்பவில்லை. சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே வெள்வேலமரம், கீழே கொழுக்கட்டைப்புல், ஊடே நரிப்பயத்தங்கொடி. புல் காய்ந்தால் வெள்வேலங்காய் இருக்கும். புல்லின் சல்லிவேர் மேல்மண்ணைப் பிடிக்கும். மரவேர் ஆழத்து ஈரத்தைத் தேடும். பயறுக்கொடியின் வேர்முடிச்சு காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்குக் கொடுக்கும். செத்து மக்கும் வேர்தான் மண்ணின் கரிமச்சத்து. அது இருக்கிற மண்ணுதான் மழைத்தண்ணியைப் பிடிச்சு வைக்கும்.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து சீடர் கிரீக்கில், சத்தில்லாத மணல் பூமியில், 1994-ல் 1, 2, 4, 8, 16 வகைச் செடிகளைத் தனித்தனிப் பாத்திகளில் வளர்த்துப் பார்த்தார்கள். 2001-ல் வெளியிட்ட கணக்குப்படி, 16 வகைப் பாத்தியின் விளைச்சல் ஒற்றை வகையைப்போல 2.7 மடங்கு. 12 ஆண்டில், பலவகைப் பாத்தி மண்ணில் சேர்ந்த கரிமம் ஒற்றை வகையின் சராசரியைவிட 500 சதவீதம் கூடுதல் என்று 2008-ல் எழுதினார்கள். புல்லும் பயறுவகையும் சேர்ந்ததுதான் முக்கியக் காரணம். அதே கணக்கு நம் காட்டிலும் வரும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வேர் செய்யும் வேலை எங்கேயும் ஒன்றுதான்.

நம் மேலும் தப்பு உண்டு. காடு தாங்காத அளவு ஆடு மாட்டை விட்டு ஒட்ட மேய்த்தோம். ருசியான செடி விதை போடுமுன்னே போய்விட்டால் கலப்பும் போச்சு. மழை பெய்ததும் காட்டுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுப்போம். மாத்தி மாத்தி மேய்ப்போம்.

அரசிடம் நாம் கேட்பது:

1. கொறங்காட்டை விவசாய நிலமாகவே கணக்கில் எடு. வறட்சி நிவாரணத்தில் சேர்!

2. தீவனத் திட்டத்தில் தண்ணி கேட்கும் புல்லோடு நிற்காதே. கொழுக்கட்டைப்புல், நரிப்பயறு விதையும் வெள்வேலங்கன்றும் கொடு!

3. ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி 28-1-2011 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேய்க்கால் புறம்போக்கை மீட்டு ஊருக்கு ஒப்படை!

வருகிற கிராமசபையில் இதைத் தீர்மானமாக்குவோம். வித்த காசு நாலு வருஷத்தில் கரைந்துவிடும். கரிமம் சேர்ந்த மண் பேரன் காலத்துக்கும் மாட்டுக்குச் சோறு போடும்.

கொறங்காட்டைக் காப்போம்! ஒன்றுபடுவோம்!