ஜெனீவாவிலிருந்து வரும் கடிதம்

மத சகிப்பின்மையை உலக அளவில் கண்காணிக்கும் வேலையை ஐ.நா. முதன்மையாக ஒரே ஓர் ஆளின் தலையில் கட்டியிருக்கிறது. 1986-இல் மனித உரிமை ஆணையம் உருவாக்கிய சிறப்பு அறிக்கையாளர் பதவி அது. அதற்குச் சம்பளம் கிடையாது. ஒரு நாட்டுக்கு நேரில் போய் விசாரிக்க அந்நாட்டு அரசே அழைக்க வேண்டும். இப்படிப்பட்ட பதவியால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. அதிகம் ஆகவில்லை என்பது உண்மைதான். ஒன்றுமே ஆகவில்லை என்பது உண்மையல்ல.

இந்தப் பதவிக்கு முன்பே அடித்தளம் போடப்பட்டுவிட்டது. இந்தியரான ஆற்காடு கிருஷ்ணசாமி 1960-இல் ஐ.நா.வின் துணை ஆணையம் ஒன்றுக்காக மத உரிமைகளில் காட்டப்படும் பாகுபாட்டை ஆராய்ந்து அறிக்கை தந்தார். வழிபாட்டோடு நிற்காமல் யாத்திரை, உணவு விதி, திருமணம், இறந்தவரை அடக்கம் செய்யும் முறை வரை அது பேசியது. 1959 இறுதியில் கொலோன் நகர யூத ஆலயத்தில் ஸ்வஸ்திகா கிறுக்கப்பட்டு, அந்த வெறி பல நாடுகளுக்கும் பரவியிருந்தது. இதையடுத்து இனப் பாகுபாட்டுக்கும் மதப் பாகுபாட்டுக்கும் எதிராகத் தனித்தனி உடன்படிக்கைகள் கொண்டுவர 1962-இல் பொதுச்சபை முடிவெடுத்தது. இனம் பற்றியது 1965-இலேயே நிறைவேறியது. மதத்துக்கோ 1981 வரை இழுத்தடித்து, சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாத ஒரு பிரகடனம்தான் கிடைத்தது. சில முஸ்லிம் நாடுகளின் எதிர்ப்பால் மதம் மாறும் உரிமை அதில் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. சோவியத் அணி விடாப்பிடியாக நின்றதால் நாத்திகருக்கும் அதில் இடம் கிடைத்தது. பகுத்தறிவாளர்கள் அந்தத் தூதர்களுக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

அறிக்கையாளரின் கையில் இருக்கும் கருவி கடிதம். பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஓர் அமைப்போ புகார் அனுப்பலாம். வழக்கறிஞரும் கட்டணமும் தேவையில்லை. புகாரில் விஷயம் இருந்தால் அரசுக்குக் கடிதம் போகும். பதிலுக்குப் பொதுவாக 60 நாள் அவகாசம். பிறகு கடிதமும் பதிலும், பதில் வராவிட்டால் கடிதம் மட்டும், எல்லாரும் படிக்க வெளியிடப்படும்.

கடிதத்தின் பலமும் பலவீனமும் இலங்கையில் சேர்ந்தே தெரிந்தன. கோவிட்டால் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி அறிவித்தல் வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், நிலத்தடி நீர் கெடும் என்ற வாதத்தை அரசு விடவில்லை. பிறந்து 20 நாளே ஆன ஒரு முஸ்லிம் குழந்தையின் ஜனாஸாவும் (சடலமும்) பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. அந்த டிசம்பரில் கொழும்பின் பொரளை மயான வேலியில் மக்கள், இறந்தவரைப் போர்த்தும் கபன் துணியின் அடையாளமாக வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். 2021 ஜனவரியில் அப்போதைய அறிக்கையாளர் அகமது ஷஹீதும் மற்ற ஐ.நா. நிபுணர்களும் இதைக் கூட்டாகக் கண்டித்தார்கள். பிப்ரவரி இறுதியில் ஆணை தளர்ந்தது; மார்ச் முதல் கிழக்கிலுள்ள ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கம் செய்யப்பட்டன. இதை ஐ.நா.வின் வெற்றியாக மட்டும் எழுதிவிட முடியாது. அப்போதைய பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்புக்கு வந்துபோன வாரம் அது. ஜெனீவாவில் இலங்கையின் மனித உரிமை நிலை பற்றிய ஐ.நா. தீர்மானம் காத்திருந்தது, முஸ்லிம் நாடுகளின் ஓட்டு கொழும்புக்கு வேண்டியிருந்தது. ஆனாலும் நடந்ததை மறுக்க முடியாதபடி பதிவு இருந்தது. கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கேட்க இலங்கை அமைச்சரவை 2024-இல் முடிவு செய்தது.

அமெரிக்கா தனிக்கடை நடத்துகிறது. 1998-இல் இயற்றிய சட்டத்தின்படி அதன் வெளியுறவுத் துறை ஆண்டுதோறும் பிற நாடுகளின் மத சுதந்திரத்தை எடைபோடுகிறது. சொந்த நாடு அந்த அறிக்கையில் வராது. 2004-இல் சவுதி அரேபியா மோசமான நாடுகளின் பட்டியலில் சேர்ந்தது. தேசநலன் என்ற பெயரில் நடவடிக்கைக்கு மட்டும் விலக்கு. 2005-இல் குஜராத் முதல்வர் நரேந்திர மோடிக்கு இதே சட்டத்தைக் காட்டி விசா மறுக்கப்பட்டது. பிரதமரானதும் 2014-இல் வாஷிங்டன் அவரை வரவேற்றது. தராசைப் பிடிக்கிற கை இப்படி இருந்தால், குற்றம் சாட்டப்படும் அரசுகளுக்கு உள்நாட்டில் பதில் சொல்வது எளிதாகிவிடுகிறது.

அறிக்கையாளராக இருந்த அஸ்மா ஜஹாங்கீர் விஷயத்தில் பாரபட்சம் என்ற அந்த வாதம் எடுபடாது. சொந்த நாடான பாகிஸ்தானில் மத நிந்தனைச் சட்டத்தில் சிக்கியவர்களுக்காக நீதிமன்றம் ஏறியவர் அவர். அறிக்கையாளராக 2008 மார்ச்சில் இந்தியா வந்த அவர், மதமாற்றத் தடைச் சட்டங்களைக் குறைகூறினார்; பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு முடிச்சுப் போடக் கூடாது என்று பரிந்துரைத்தார். பட்டியல் சாதிகளை வரையறுக்கும் 1950-ஆம் ஆண்டு ஆணை தலித் கிறித்தவர்களையும் முஸ்லிம்களையும் இன்னும் வெளியேதான் நிறுத்தியிருக்கிறது. 2011-இல் ஐ.நா.வின் எல்லாச் சிறப்பு அறிக்கையாளர்களுக்கும் இந்தியா திறந்த அழைப்பு விடுத்தது. மத சுதந்திரத்துக்கான அறிக்கையாளர் அதன்பின் ஒருமுறைகூட அதிகாரபூர்வமாக இந்தியா வந்து விசாரிக்கவில்லை.